இளஞ்சிவப்பு நாடாவும் மாதர் நடையும்

ஒக்டோபர் மாதம் பிறந்ததும் உலகின் பெருநகரங்கள் பலவற்றில் ஒரு புதுமையைக் காணலாம். கடைகளின் முகப்பிலும், முகப்பூச்சுக் குப்பிகளிலும், காலணிப் பெட்டிகளிலும், யோகட் கிண்ணங்களின் மூடிகளிலும் இளஞ்சிவப்பு நாடாவொன்றை மடித்து ஊசி குத்தினாற் போன்ற சின்னம் தோன்றும். அச்சின்னந் தாங்கிய பொருளை வாங்குவோர் கொடுக்கும் விலையிற் சிறு பங்கொன்று மார்பகப் புற்றுநோயை எதிர்க்கும் தருமப் பணிக்குப் போய்ச் சேரும் என்பது அதன் கருத்து. அதே மாதத்தில் ஆயிரக்கணக்கான மாதர் அதே நிற உடை தரித்து, வீதிகளில் ஓடியும் நடந்தும் அப்பணிக்கு நிதி திரட்டுவர். வாணிக நிறுவனங்களின் பணமும் மாதரின் கால்களும் ஒரு நோயின் பொருட்டு இவ்வாறு ஒன்று சேர்ந்தமை அண்மைக் காலத்து வரலாறேயாகும். அது அரை நூற்றாண்டுக்கு உட்பட்டது. அந்நாடா உலகெங்கும் பரவு முன்னர் அதற்கு வேறொரு நிறமும், அந்நிறத்தோடு வேறொரு கோரிக்கையும் இருந்தன என்பதை அறிந்தோர் சிலரே.

அந்நோயின் பெயரைச் சொல்லுதலே கூசத்தக்கதாயிருந்த காலம் ஒன்றுண்டு. புற்றுநோய் கண்டவரை உறவினரே ஒதுக்கினர். அதிலும் மார்பகத்தில் வந்த நோயைப் பெண்கள் கணவரிடத்துங் கூறாது மறைத்தனர். இம்மௌனத்தைக் கலைக்கும் நோக்குடன் 1913இல் நியூயோர்க் நகரில் வைத்தியர் 10 பேரும் ஏனையோர் 5 பேரும் கூடிப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுச் சங்கமொன்றை நிறுவினர். அச்சங்கமே 1945இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் எனப் பெயர் மாறியது. 1936இல் அச்சங்கம் 'மாதர் களப்படை' என ஓர் அணியைத் திரட்டியது. போர்வீரரைப் போலக் காக்கி உடை அணிந்த பெண்கள் வீடு வீடாகச் சென்று நோயின் அறிகுறிகளை எடுத்துரைத்ததோடு, காசும் சேர்த்தனர். பிற்காலத்தில் இளஞ்சிவப்பு உடையுடன் வீதிக்கு வந்த மாதருக்கு முன்னோடிகள் இக்காக்கி உடைப் பெண்களேயாவர். எனினும் அக்காலத்திற் பெருங் கம்பனிகள் எவையும் இந்நோயின் பெயரோடு தம் பெயரைச் சேர்த்து எழுத முன்வரவில்லை. அழகையும் இளமையையும் விற்போர்க்கு நோயின் பேச்சு ஆகாது அன்றோ!

மௌனம் பெரிதும் உடைந்தது 1974இல். அவ்வாண்டு செப்டெம்பர் 28ஆந் திகதி அமெரிக்க ஜனாதிபதி ஜெரால்ட் போர்ட்டின் மனைவியார் பெற்றி போர்ட் மார்பகத்தை அகற்றும் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டார். அதனை மறைக்காது நாடறியக் கூறினார். சில கிழமைகளிற் பின்னர் உப ஜனாதிபதிப் பதவிக்கு நியமிக்கப்பட்டிருந்த நெல்சன் ரொக்பெல்லரின் மனைவியாருக்கும் அதே நோய் கண்டது. அந்நாட்டுப் பெண்கள் திரள் திரளாக வைத்தியரிடம் சென்று தம்மைச் சோதித்துக் கொண்டனர். அதுகாறுங் கண்டறியப்படாதிருந்த நோய்கள் பல அக்காலத்தில் வெளிப்பட்டன.

இதன் பின்னர் ஆறாண்டுகள் கழித்து, இலினோய் மாநிலத்துப் பியோரியா என்னும் ஊரைச் சேர்ந்த சூசன் கோமன் என்ற பெண் இந்நோயால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 36. அவருடைய தங்கை நான்சி பிரிங்கர், தமக்கையின் பெயரால் 1982இல் ரெக்சாஸ் மாநிலத்து டலஸ் நகரில் ஒரு தருமநிலையத்தைத் தொடங்கினார். கையில் இருந்தவை 200 டொலரும், சப்பாத்துப் பெட்டியொன்றில் இட்டு வைத்த நண்பர் பெயர்களுமே என்பர். அடுத்த ஆண்டிலேயே 'நோய் தீர்க்கும் ஓட்டம்' என்னுங் கருத்துப்பட ஓர் ஓட்டத்தை டலஸ் நகரில் நடத்தினார். ஓடியோர் 800 பேர். இருபது ஆண்டுகள் கடப்பதற்குள் அவ்வோட்டம் நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களிற் பரவியது. ஆண்டுதோறும் அதில் ஓடியும் நடந்தும் கலந்து கொண்டோரின் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியது. நோயினின்றும் மீண்ட பெண்கள் தலைநிமிர்ந்து முன்னே செல்ல, ஏனையோர் பின்தொடர்ந்தனர். முன்னொரு காலத்தில் வீட்டின் உள்ளறையில் மறைந்திருந்த நோயாளியை நகரத்தின் நடுவீதிக்குக் கொண்டு வந்து மாலையிடச் செய்தமையை இவ்வியக்கத்தின் முதற்பெருஞ் சாதனையாகக் கொள்ளல் வேண்டும்.

ஓட்டம் நடத்தச் செலவாகும். சட்டை வேண்டும், தண்ணீர் வேண்டும், விளம்பரம் வேண்டும். அவற்றைக் கொடுக்கக் கம்பனிகள் வந்தன. பெண்களே பெரும்பாலான வீட்டுப் பொருள்களை வாங்குவோர் என்பதை வாணிகர் நன்கு அறிவர். பெண்கள் இத்தனை பேர் ஓரிடத்தில், ஒரே மனத்தோடு, நல்லெண்ணத்தோடு கூடும் வாய்ப்பு அவர்க்கு வேறெங்குங் கிடைப்பதரிது. ஒக்டோபர் மாதத்தை இந்நோய்க்குரிய விழிப்புணர்ச்சி மாதமாகக் கொண்டாடும் வழக்கமும் 1985இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும், இம்பீரியல் கெமிக்கல் இன்டஸ்ரீஸ் என்ற பிரித்தானியக் கம்பனியின் மருந்துப் பகுதியும் சேர்ந்து தொடங்கியதேயாகும். மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் தமொக்சிபென் என்னும் மருந்தை ஆக்கியது அக்கம்பனியே. அம்மருந்து பல இலட்சம் பெண்களின் உயிரைக் காத்தது என்பதிற் சந்தேகமில்லை. ஆனால் மருந்து செய்வோர் வகுத்த மாதத்தில் நோயை முற்கூட்டிக் கண்டறிதலும் சிகிச்சையுமே முழங்கின; நோய் வாராது காத்தல் பின்வரிசையில் நின்றது.

இனி நாடாவின் கதைக்கு வருவோம். 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திற் கலிபோர்னியா மாநிலத்துச் சிமி பள்ளத்தாக்கு என்னும் ஊரில் ஷார்லட் ஹேலி என்ற 68 வயது மூதாட்டி வாழ்ந்தார். அவருடைய பாட்டியும், சகோதரியும், மகளும் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானவர்கள். தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து, பீச் பழத்தின் நிறத்தையொத்த நாடாக்களைக் கையால் மடித்து, அட்டைக்கு ஐந்தாகக் குத்தி வைத்தார். தேசியப் புற்றுநோய் நிறுவகத்தின் ஆண்டுச் செலவு 180 கோடி டொலர். அதில் நூற்றுக்கு 5 பங்கே நோயைத் தடுப்பதற்குச் செலவாகிறது. சட்டமியற்றுவோரை விழித்தெழச் செய்ய இந்நாடாவை அணியுங்கள் என்ற கருத்து அவ்வட்டையில் அச்சிடப்பட்டிருந்தது. கடைவாசலில் நின்று அவற்றைக் கொடுத்தார். முன்னாள் ஜனாதிபதிகளின் மனைவியர் முதலாய புகழ்பெற்ற பெண்களுக்குக் கடிதம் எழுதினார். எவரிடமும் அவர் காசு கேட்கவில்லை. அரசாங்கம் பொதுப்பணத்தை எதற்குச் செலவிடுகிறது என்பதே அவருடைய கேள்வியாயிருந்தது.

அந்நாளில் நியூயோர்க்கிலே 'செல்வ்' என்னும் மாதர் சஞ்சிகையின் ஆசிரியராயிருந்த அலெக்சாந்திரா பென்னி என்பவரும், எஸ்தே லோடர் அழகுசாதனக் கம்பனியைச் சேர்ந்த எவ்லின் லோடரும் மார்பகப் புற்றுநோய் பற்றிய சிறப்பிதழொன்றை 1992 ஒக்டோபருக்கென ஆயத்தஞ் செய்து கொண்டிருந்தனர். எவ்லின் லோடர் தாமும் இந்நோய் கண்டு மீண்டவர். நாடெங்கும் ஒரு நாடாவைப் பரப்ப வேண்டுமென்று எண்ணிய அவர்கள் ஹேலியின் செயலைக் கேள்வியுற்று, அவரைத் தம்முடன் சேருமாறு அழைத்தனர். ஹேலி மறுத்தார். அம்முயற்சியில் வாணிகம் மிகுந்துள்ளது என்பதே அவர் கூறிய காரணம். சட்டத்தரணிகளைக் கலந்து ஆலோசித்த போது, நிறத்தை மாற்றினால் தடையில்லை என்று கூறப்பட்டது. இளஞ்சிவப்புத் தெரிவாயிற்று, மனத்துக்கு இதமளிப்பது, அச்சம் விளைக்காதது, பெண்மைக்குரியது எனக் கருதப்படும் நிறம் அஃது. முந்திய ஆண்டிலேயே நியூயோர்க்கில் நடந்த கோமன் ஓட்டத்தில் அந்நிற நாடாக்கள் வழங்கப்பட்டிருந்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் எஸ்தே லோடர் விற்பனைக்கூடங்கள் வாயிலாக 15 இலட்சம் நாடாக்கள் வழங்கப்பட்டன.

அந்நாடாவோடு சேர்ந்து வந்த அட்டையிலே தடுப்புக்குச் செலவாகும் பங்கு பற்றிய பேச்சு இல்லை. ஒரு பெண் தன் மார்பகத்தைத் தானே சோதித்துக் கொள்ளும் முறை அதில் விளக்கப்பட்டிருந்தது. நிறம் மாறியதைப் பலரும் எழுதினர். அட்டை மாறியது அதனினும் பெரிய மாற்றம். முன்னைய அட்டை அரசாங்கத்தை நோக்கிக் கேள்வி கேட்டது. பின்னையது பெண்ணை நோக்கி அறிவுரை கூறியது. இதனால் எவ்லின் லோடரின் பணியைக் குறைத்து மதிப்பிடுதல் நீதியாகாது. அவர் 1993இல் நிறுவிய மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் அன்று தொட்டுக் கோடிக் கணக்கான டொலரை ஆராய்ச்சியாளர்க்கு வழங்கியுள்ளது. முகப்பூச்சு விற்பவர் என்பதற்காக அவர் கொடுத்த பணத்தின் பயன் குன்றி விடாது.

வீட்டுக்கு வீடு சென்று அழகுப் பொருள் விற்கும் பெண்களைக் கொண்ட ஏவன் கம்பனியும் 1992இற் பிரித்தானியாவிலும், அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் இப்பணியில் இறங்கியது. 1998 தொடக்கம் 3 நாளில் 60 மைல் நடக்கும் நெடுநடைகளுக்கு அது துணைநின்றது. நடப்போர் ஒவ்வொருவரும் பெருந்தொகை திரட்டினாலன்றிக் கலந்து கொள்ள இயலாது. திரண்ட பணமோ பெரிது. கூடாரத்துக்கும் விளம்பரத்துக்கும் சென்ற பங்கும் பெரிது எனக் கண்டனம் எழுந்தது. 2002இல் அவ்வேற்பாடு முடிவுற்றது.

இத்துணைப் பேர் ஓடினர், நடந்தனர். ஆயின் அந்த ஓட்டமே, அந்த நடையே நோயைத் தடுக்கும் வழிகளில் ஒன்று என்று அவர்களிற் பெரும்பாலோர் அந்நாளில் அறியார். 1983இல் டலஸ் நகரில் ஓடிய 800 பேரும் நிதிக்காகவே ஓடினர். கால்கள் செய்த நன்மையை அறிவியல் பின்னரே கண்டது.

மார்பகப் புற்றுநோய்க்கும் பெண்ணின் வாழ்க்கை முறைக்கும் தொடர்புண்டு என்ற ஐயம் பழையது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த இத்தாலிய வைத்தியர் பேர்னார்தினோ ராமசீனி, தொழிலாளர் நோய்களைப் பற்றி எழுதிய நூலிற் கன்னியர் மடங்களில் இந்நோய் மிகுந்து காணப்படுவதைக் குறித்துள்ளார். 1926இல் ஆங்கில வைத்தியர் ஜேனற் லேன் கிளேபன், நோயுற்ற 500 பெண்களையும் நோயற்ற 500 பெண்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, மணஞ் செய்யும் வயது, மக்கட்பேறு, தாய்ப்பால் ஊட்டல் ஆகியன இந்நோயோடு தொடர்புடையன என நிறுவினார். நோயாளரையும் நோயற்றோரையும் இணைத்து ஒப்பிடும் முறைக்கு அதுவே நல்வழி காட்டியது. இவையெல்லாம் பெண்ணுடலில் ஊறும் ஓமோன்களைச் சுட்டி நின்றன. ஆனால் மணம், மகப்பேறு என்பனவற்றை ஒரு பெண் நோய்க்கஞ்சி மாற்றிக் கொள்ள இயலுமா? மாற்றத்தக்க ஒன்றைத் தேட வேண்டியிருந்தது.

1985இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஸ் பிரிஷ் என்ற பெண்மணியும் அவருடைய குழுவினரும், கல்லூரிப் படிப்பை முடித்த 5,398 பெண்களைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டனர். அவர்களிற் கல்லூரிக் காலத்தில் விளையாட்டு வீராங்கனைகளாயிருந்தோர் 2,622 பேர். விளையாட்டில் ஈடுபடாதோரிடத்து மார்பகப் புற்றுநோய் ஏறத்தாழ இருமடங்காகக் காணப்பட்டது. 1994இல் லொஸ் ஏஞ்சலிசிலிருந்து லெஸ்லி பேர்ன்ஸ்டைன் என்பவரும் குழுவினரும் வெளியிட்ட ஆராய்ச்சி மேலும் திட்பமானது. 40 வயதுக்குள் நோய் கண்ட 545 பெண்களையும், ஒவ்வொருவர்க்கும் இணையாக அதே வட்டாரத்தில் வாழ்ந்த நோயற்ற 545 பெண்களையும் அவர்கள் வினாவினர். பூப்பெய்திய காலம் முதல் கிழமைக்குச் சராசரி 4 மணி நேரமளவு உடற்பயிற்சி செய்து வந்தோர்க்கு நோய் வரும் வாய்ப்பு, பயிற்சியே செய்யாதோர்க்கு இருந்ததிற் பாதிக்குங் குறைவாகக் காணப்பட்டது. ஷார்லட் ஹேலி தடுப்புக்குப் பணம் கேட்டு நாடா மடித்த ஊர் அந்நகர்க்கு அண்மையதே. அவர் எவ்வகை ஆராய்ச்சி வேண்டுமென்று கேட்டாரோ அவ்வகையிலொன்று அண்டையிலேயே நடந்தது எனலாம்.

1997இல் நோர்வேயிலிருந்து வந்த செய்தி ஐரோப்பாவில் அதனை உறுதிப்படுத்தியது. 25,624 பெண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த இங்கர் தூனேயும் குழுவினரும், ஓய்வு நேரத்தில் ஒழுங்காகப் பயிற்சி செய்தோரிடத்து நோய் நூற்றுக்கு 37 பங்கு குறைந்திருப்பதைக் கண்டனர். தொழில் காரணமாக நாள் முழுதும் நடந்து சுமை தூக்கிய பெண்களிடத்தும் குறைவு காணப்பட்டது. உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்ல வசதியற்ற பெண்ணுக்கு இது ஆறுதலளிக்கும் செய்தியன்றோ! 2002இல் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம், உடலுழைப்பு இந்நோயைத் தடுக்கும் என்பதற்குப் போதிய சான்றுண்டு எனத் தீர்ப்பளித்தது.

அஃது எவ்வாறு தடுக்கிறது? மாதவிடாய் நின்ற பின்னர்ப் பெண்ணுடலில் ஈஸ்திரசன் என்னும் ஓமோன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவிலேயே உண்டாகிறது. கொழுப்பு மிகுந்தால் அவ்வோமோன் மிகும். அது மார்பகக் கலங்களைப் பெருகத் தூண்டும். நடையும் உழைப்பும் கொழுப்பைக் குறைக்கின்றன. இரத்தத்திலுள்ள இன்சுலின் அளவையும் தணிக்கின்றன. கடும் பயிற்சி இளம் பெண்களின் மாதச் சுழற்சியையும் ஓரளவு மாற்றுகிறது. தொடக்கத்து ஆராய்ச்சிகள் காட்டிய பெரும்பயன் பிற்காலத்துப் பேராராய்ச்சிகளிற் சற்றே சுருங்கியது. 2016இல் 38 ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கிய போது, மிகுந்த உழைப்புடைய பெண்களிடத்து நோய் நூற்றுக்கு 12 முதல் 21 பங்கு வரை குறைந்திருந்தது. சிறிதெனினும் உறுதியான பயன் அது. கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை விரைந்து நடத்தல் போன்ற உழைப்பு வளர்ந்தோர்க்கு வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த விதி கூறுகிறது.

இங்கே ஒரு தடுமாற்றம் நேர்வதுண்டு. நடந்தால் நோய் வாராது என்று கேட்போர், நோய் வந்தவள் நடவாதவள் என்று முடிவு செய்து விடுகின்றனர். இஃது அநீதி. நோயுறுவோரிற் பாதிப்பேரளவில், பெண்ணாயிருத்தலும் வயது முதிர்தலும் அன்றி வேறு குறிப்பிட்ட காரணம் எதுவும் இல்லை. 2022இல் உலகெங்கும் 23 இலட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டது. 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் அதனால் இறந்தனர். அவர்களுள் நடந்தோரும் உழைத்தோரும் எத்தனை பேர் இருந்திருப்பர்! பெண்ணின் தலையிற் பழியை ஏற்றுவதற்கன்று இவ்வறிவு. நடக்க நேரமும், நடப்பதற்கேற்ற வீதியும், வீட்டுச் சுமையிற் பங்கும் அவளுக்குக் கொடுக்க வேண்டியோர் யார் என்று கேட்பதற்கே இது.

அத்தகைய கேள்விகளைக் கேட்கும் இயக்கமொன்று 1990இற் சான்பிரான்சிஸ்கோவில், நோயுற்ற பெண்களாலேயே தொடங்கப்பட்டது. அதனைப் பல்லாண்டுகள் நடத்தியவர் பார்பரா பிரென்னர் என்னும் பெண்மணி. 2002இல், இளஞ்சிவப்புப் பொருளை வாங்கு முன் சிந்தியுங்கள் என்று அவ்வியக்கம் மக்களை வேண்டியது. அப்போது கடன் அட்டைக் கம்பனியொன்று ஒவ்வொரு கொள்வனவுக்கும் 1 சதம் கொடுப்பதாக விளம்பரஞ் செய்தது. வாங்கிய பொருளின் விலை 10 டொலராயினும் 1,000 டொலராயினும் கொடை அதே 1 சதந்தான்! யோகட் கம்பனியோ, கழுவிய மூடியைத் தபாலில் அனுப்பினால் மூடிக்கு 10 சதம் கொடுத்தது. நாளொன்றுக்கு மூன்று கிண்ணமாக நான்கு மாதம் உண்டாற் சேருங் கொடை 36 டொலரே என்று அவ்வியக்கத்தார் கணக்கிட்டுக் காட்டினர். தபாற் செலவு இதிற் சேராது. அதே யோகட்டுக்குரிய பாலிற் செயற்கை ஓமோன் ஊட்டிய பசுக்களின் பால் கலந்திருப்பதையும் அவர்கள் எதிர்த்து வாதாடினர். 2009இற் கம்பனி அப்பாலைக் கைவிட இணங்கியது.

எல்லாவற்றினும் வியப்பானது 2010இல் நிகழ்ந்தது. கென்டக்கி பொரித்த கோழிக் கம்பனி, இளஞ்சிவப்பு வாளியில் இட்டு விற்கும் கோழிக்கு வாளியொன்றுக்கு 50 சதம் வீதம் கோமன் நிலையத்துக்குக் கொடுத்தது. சேர்ந்த தொகை 40 இலட்சம் டொலருக்கு மேல். மாதவிடாய் நின்ற பெண்களின் உடற்பருமன் இந்நோய்க்கு ஒரு காரணம் என்பது அதற்கு எட்டாண்டுகளுக்கு முன்னரே நிலைநாட்டப்பட்டிருந்தது. கணக்கில் எவரும் குறை காணவில்லை. வாளியைப் பற்றியே கேள்வி எழுந்தது.

கம்பனிகளை வஞ்சகர் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவதும் வரலாறு ஆகாது. அவற்றின் பணத்தால் ஆராய்ச்சிச் சாலைகள் இயங்கின; வறிய பெண்கள் கட்டணமின்றிச் சோதனை பெற்றனர். ஆயின் வாணிகத்துக்கு விற்பதற்கு ஒரு பொருள் வேண்டும். சோதனைக் கருவியை விற்கலாம், மருந்தை விற்கலாம், நாடா பொறித்த சட்டையையும் விற்கலாம். மாலை வேளையிலே ஒரு பெண் தன் ஊர் வீதியில் அரை மணி நேரம் விரைந்து நடப்பதை எவரால் விற்க முடியும்? தடுப்புக்கு ஆதரவாளர் குறைந்தமைக்கு இதுவே பெருங் காரணம் எனத் தோன்றுகிறது. ஹேலியின் பீச் நிற நாடா அரசாங்கத்தை நோக்கி நீண்டதும் இதனாலேயே போலும். அவர் 2014இற் காலமானார்.

கம்பனிப் பணமும் நெடுநடையும் சேர்ந்த இவ்வழக்கம் இலங்கைக்கும் வந்தது. இங்கே அது மார்பகப் புற்றுநோயொன்றற்கே உரியதாக அமையவில்லை. யுத்தம் முடிந்து ஈராண்டு சென்ற பின்னர், 2011 ஜூலை மாதத்தில், ஆடைத் தொழிற்றுறையைச் சேர்ந்த நண்பர் இருவர் முன்னின்று நாட்டின் தென்கோடியாகிய தேவேந்திரமுனையிலிருந்து வடகோடியாகிய பருத்தித்துறை வரை நடந்தனர். தூரம் ஏறத்தாழ 670 கிலோமீற்றர், நாள் 27. யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதற்கு நிதி திரட்டலே நோக்கம். கம்பனிகள் பெருந்தொகை கொடுத்தன. ஊரவர் தத்தம் எல்லை வரை உடன் நடந்து தம்மாலியன்றதைக் கொடுத்தனர். தெல்லிப்பழையில் எழுந்த வைத்தியசாலை 'டிரெயில்' என்னும் அந்நடையின் பெயரையே இன்றுந் தாங்கி நிற்கிறது. இந்நாட்டுப் பெண்களிடத்து மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே ஆதலின், அங்கு சிகிச்சை பெறுவோரில் அந்நோய் கண்ட வடபகுதி மாதரும் உளர். 2016இல் அதே பாதை மறுதிசையில் நடக்கப்பட்டது. பருத்தித்துறையிற் புறப்பட்டோர் 28 நாளில் தேவேந்திரமுனையை அடைந்தனர். அம்முறை திரட்டிய நிதி காலி கராப்பிட்டியிற் புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதற்காகத் தெற்கே சென்றது.